மகளுக்கு வெட்டிக் கொடுத்த புதுத்துணி

நான் தறிகாரன். மருதமுனையில் எங்கட வீட்டு வளவுக்குள்ளேயே தென்னங்கிடுகால் கொட்டில் போட்டு இரண்டு தறி வைத்திருந்தேன். ஒன்றில் நான், மற்றதில் உங்கட மாமா, அதாவது உம்மாட தம்பி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் துணி விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, நூல் எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு பிழை விட்டேன். துணியில்தான் விட்டேன், அதுவும் பெற்ற மகளுக்கு.

பிள்ளைகளே, இதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆம்பிளைப் புள்ளைகள் "இது ராத்தாமாருக்கு எழுதினது" என்று தாளைப் புரட்ட வேண்டாம். அப்படிப் புரட்டிப் புரட்டித்தான் நாற்பது வயது வரைக்கும் நான் ஒன்றும் தெரியாமல் இருந்தேன்.

எங்கட மூத்த மகள், உங்கட பெரிய ராத்தா, பதின்மூன்று வயதில் பெரிய புள்ளையானா. எண்பதுகளின் தொடக்கம் அது. பெரிய புள்ளையாவது என்றால் நோயில்லை. பிற்காலத்தில் பிள்ளை தங்க வேண்டிய இடம் வயிற்றுக்குள் மாதாமாதம் தன்னை ஆயத்தம் பண்ணும். தேவைப்படாத மாதம் அந்த இரத்தத்தை நாலைந்து நாளில் வெளியே விட்டுவிடும். இவ்வளவுதான். உங்கட உம்மாவுக்கும் அப்படித்தான், மாமிமாருக்கும் அப்படித்தான். ஆனால் எங்கட காலத்தில் இந்த நாலு வரியை ஒருவரும் ஒருவருக்கும் சொல்லித் தந்ததில்லை.

அந்த ஒரு கிழமை ராத்தாவை உள்ளறையில் வைத்தார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள், உழுத்தங்களி கிண்டினார்கள். தண்ணியை மட்டும் அளந்து அளந்து கொடுத்தார்கள், கூடக் குடித்தால் வயிறு வைக்குமாம். வாப்பாமார் அந்த அறைப் பக்கம் போவதில்லை. நான் கொட்டிலுக்குள்ளேயே இருந்தேன். சந்தோஷமோ பயமோ என்று சொல்லத் தெரியாத ஒன்று நெஞ்சுக்குள் கிடந்தது.

இரண்டாம் நாள் உம்மா கொட்டில் வாசலில் வந்து நின்றா.

"நீங்க உடுத்துப் பழசான சாரன் ஒண்டு கிடந்தாத் தாங்க. கிழிக்கணும்."

"என்னத்துக்கு?"

"கேக்காம தாங்களன்."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினதோடு ஒரு பெருமையும் வந்தது. "ரெண்டு தறி ஓடுற வீட்டுல புள்ளைக்குப் பழஞ்சாரனா? ஊரான் சிரிக்க மாட்டானா?" என்று சொல்லிக்கொண்டே, அன்றைக்குக் காலையில் தறியில் இருந்து அறுத்த வெள்ளைத் துணியில் ஆறு முழம் வெட்டிக் கொடுத்தேன். உம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தா. பக்கத்தில் தம்பி இருக்கிறதைக் கண்டு பேசாமல் வாங்கிக்கொண்டு போனா.

அதற்குப் பிறகும் மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை, கேட்காமலே, புதுத்துணி வெட்டி வைப்பேன். மகளோடு கதைக்க முடியாத விஷயத்தில் வாப்பா செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

ராத்தா ஓடுவா என்பது எனக்குக் கேள்விச் செய்தியாகத்தான் இருந்தது. அவட பள்ளிக்கூடத்துக்குப் பாண்டிருப்பில் இருந்து ஒரு விளையாட்டு ரீச்சர் வந்து படிப்பித்தா. பள்ளிக்கூடத்துக்குள் நடந்த இல்ல விளையாட்டுப் போட்டியில் பெரிய வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு ராத்தா முன்னால் ஓடி வந்ததைக் கண்டு, நானூறு மீற்றர் ஓட்டத்துக்கு அவவை எடுத்தா. பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரை மணலில் ஓட்டப் பழக்கம். வெறுங்கால்தான். வீட்டுக்கு வரும்போது முழங்கால் வரைக்கும் மணல் ஒட்டியிருக்கும். கிணற்றடியில் கால் கழுவுகிற சத்தத்தைக் கேட்டால் ராத்தா வந்துவிட்டா என்று தெரியும்.

மாதத்தில் ஒரு கிழமை அந்தச் சத்தம் வழமையை விட நேரத்தோடு கேட்கும். அந்தக் கிழமையில் அவ தொழ விரிக்கிற முசல்லாவும் விரிக்கப்படாமல் சுருட்டினபடி கிடக்கும். தொழாத நாள் என்று நான் அறிவேன். அதோடு ஒரு மாதிரிக் காலை அகட்டி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தா. நான் கண்டேன். கண்டும், பொம்புளைகளுக்கு அப்படித்தான் போலும் என்று தறியில் போய் இருந்துகொண்டேன். இப்படி ஒரு வருஷம் போனது.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ரீச்சர் வீட்டுக்கு வந்தா. உம்மா நடுவறையில் பாய் போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தா. நடுவறைக்கும் கொட்டிலுக்கும் இடையில் ஒரு கிடுகு மறைப்புத்தான். தறியை நிறுத்தினால் நான் காது கொடுக்கிறேன் என்று தெரிந்துவிடும். அதனால் நூல் போடாமல் தறியைச் சும்மா அடித்துக்கொண்டே இருந்தேன். உங்கட மாமா என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ராத்தா," என்று ரீச்சர் உம்மாவிடம் சொல்வது கேட்டது, "புள்ள மாசத்துல ஒரு கிழமை பழக்கத்துக்கு வாறல்ல. கேட்டா காய்ச்சல் எண்டுறா. மாசாமாசம் தவறாம வாற காய்ச்சல் எனக்கும் வாறதுதான்."

உம்மா மெல்லச் சிரித்தா. "அந்த நேரம் ஓடினா உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் இறங்கிடுமாமே ரீச்சர்."

"ஆரு சொன்ன? நான் அந்த நாளிலயும் ஓடித்தான் வந்த. எனக்கு மூணு புள்ள, ஒண்டும் இறங்கல்ல."

பிறகு உம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னா. நான் தறியை இன்னும் மெதுவாக அடித்தேன்.

"நான் மறிக்கல்ல ரீச்சர். அவளுக்கு நடக்கவே ஏலாது. துணி உராஞ்சு ரெண்டு காலும் புண். ஆறி வர அடுத்த மாசம் வந்திடும்."

"என்ன துணி வைக்கிறீங்க? கொண்டாங்க பாப்பம்."

பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ரீச்சர் துணியை விரித்திருக்க வேண்டும்.

"இது என்ன ராத்தா, மட்டை மாதிரி? சேட்டுக் கொலர் விறைப்பா நிக்க உள்ளுக்கு வைக்கலாம்."

"அவட வாப்பா குடுத்த துணி. புதுசு. அந்த மனுசன் ஆசையோட வெட்டித் தந்ததை எப்புடி வேணாமெண்டு சொல்ற?"

என் கால் தறி மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

புதுத் தறித்துணி ஏன் மட்டை மாதிரி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. நெய்ய முன்னம் நெடுக்கு நூலுக்குச் சோற்றுக் கஞ்சி போடுவோம். கஞ்சி போடாவிட்டால் நூல் தறியில் அறுந்து அறுந்து போகும். அந்தக் கஞ்சி துணியோடேயே நிற்கும். பல தடவை கழுவி அடித்தால்தான் போகும். தண்ணியைக் குடிக்காது, தோலை அராவும். சாரன் வாங்குகிறவர்களுக்கு "ரெண்டு கழுவலுக்குப் பிறகுதான் சொகமாயிருக்கும்" என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். மகளுக்கு வெட்டிக் கொடுக்கும்போது அது நினைவில் வரவில்லை. புதுசு என்ற ஒன்றுதான் கண்ணில் நின்றது.

"மச்சான்," என்றான் உங்கட மாமா மெதுவாக, "நூலும் போடாம எவ்வளவு முழம் நெய்ஞ்சீங்க?"

நான் மறைப்புப் பக்கம் காதைச் சாய்த்தேன்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் ரீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தா. கழுவின துணியை எங்கே காயப்போடுகிறா? அலுமாரிக்குப் பின்னால், ஒருவரும் காணாத இடத்தில். வெயில் படுமா? படாது. ஈரத்தோடேயே திரும்ப எடுக்கிறாவா? சில நேரம். தண்ணி குடிக்கிறாவா? அந்த நாட்களில் அரைக் கோப்பைதான்.

"ராத்தா, வெயில் படாத துணியில கிருமி கிடக்கும். சொறியும் புண்ணும் அதாலயும்தான். சவுக்காரம் போட்டுக் கழுவி நல்ல வெயிலில காயணும். நாலஞ்சு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தணும். தண்ணி நல்லாக் குடிக்கணும், ஓடுற புள்ள. முருங்கை இலை, ஈரல், மீன் எல்லாம் குடுங்க, போற இரத்தம் ஊறணுமே. வட்டாரப் போட்டி வருது. அவளுக்கு எப்ப நாள்?"

உம்மா பிறைக் கணக்கில் சொன்னா. ரீச்சர் இங்கிலீஷ் மாதக் கணக்கில் விரல் விட்டா. இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிப் பார்த்தார்கள். போட்டி அன்றைக்கு ராத்தாவுக்கு இரண்டாம் நாள் வருகிறது.

"அப்ப ஓட மாட்டாள்," என்றா உம்மா.

"உடம்புக்கு ஏலாட்டி ஓட வேணாம், நானே நிப்பாட்டுவன். ஆனா ஒரு துணிக்காக அவள் ஓடாம நிக்கிறதை என்னால பாத்துக்கொண்டு இரிக்க ஏலாது. இப்பிடி ஓடுற புள்ள எனக்கு இன்னும் கிடைக்கல்ல." போகும்போது மறைப்புப் பக்கம் திரும்பி, எனக்கு அண்ணன் முறை வைத்து, "காக்கா, தறி நிண்டிட்டுப் போல," என்று சொல்லிவிட்டுப் போனா.

போட்டிக்கு மூன்று கிழமை இருந்தது.

அடுத்த நாள் நான் வெட்டின புதுத்துணியில் ஒரு துண்டை எடுத்து விரித்து, விரலால் ஒரு துளி தண்ணி விட்டேன். அது உருண்டையாக அப்படியே நின்றது. நூறு வரைக்கும் எண்ணினேன். நின்றது நின்றபடியே இருந்தது. பிறகு என்னுடைய ஏழெட்டு வருஷத்துப் பழைய சாரனில் ஒரு துளி விட்டேன். ஒன்று என்று சொல்ல முன்னம் காணோம். இருபது வருஷம் துணி நெய்தவன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை.

என்னிடம் இருந்த பழைய சாரன் மூன்றையும் கிழிக்க எடுத்தேன். அது போதாது என்று தோன்றியது. புதுத்துணியில் ஐந்து முழத்தைப் பெரிய பானையில் போட்டு அவித்தேன். கிணற்றடியில் கல்லில் அடித்தேன், பிழிந்தேன், திரும்ப அவித்தேன். கஞ்சி வெள்ளையாகக் கரைந்து ஓடியது. ஒவ்வொரு நாளும் காலையில் தறிக்குப் போக முன்னம் இதுதான் வேலை. வேலியால் எட்டிப் பார்த்த பக்கத்து வளவுக்காரர், "என்ன காக்கா, நெய்யிறதை விட்டுப்போட்டு வெளுக்கத் தொடங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஓம், நெய்ஞ்சது சரியில்ல, வெளுத்துத்தான் பாக்கணும்," என்றேன்.

எட்டாம் நாள்தான் துளி நிற்காமல் இறங்கியது.

அன்றைக்கு உம்மா கிணற்றடிக்கு வந்து பக்கத்தில் குந்தினா. பிழிந்த துணியைக் கையில் வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தா.

"உனக்கும் இதே மாதிரியா இருந்த?" என்று கேட்டேன். கலியாணம் முடித்துப் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக.

"எனக்கு எங்க துணி? கிடைச்ச சாக்குச் சீலைதான் முந்தி. நீங்க வயல் வெட்டுக்கு ஆள் வந்திரிக்கெண்டு சொல்ற நாளில, முப்பது பேருக்கு ஆக்கி, தலையில வெச்சு, வயலுக்குக் கொண்டு வந்திரிக்கன். அதுல எத்தனை நாள் அந்த நாளோ, எண்ணல்ல."

தறியோடு கொஞ்சம் வயலும் செய்த அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயிலுக்குள் வரம்பில் உம்மா சோற்றுக் கடகத்தோடு ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து வருவா. கறிக்கு உப்புக் காணாது என்று நான் குறை சொன்னது கூட நினைவிருக்கிறது. அந்த நடைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்குக் கிணற்றடியில் உம்மாவைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பள்ளிவாசலில் பெரிய ஆலிம் முன்னால் இருக்கும்போது வருமே, அப்படி ஒரு கூச்சம்.

காயப்போடுகிற பிரச்சினை மிச்சம் இருந்தது. வெயிலில் போட்டால் ஊரே காணும் என்றா உம்மா. எங்கட முற்றத்தில் சாயம் போட்ட நூலை மூங்கில் தடிகளில் தொங்கவிடுவோம், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆள் உயரத்துக்கு. அந்த வரிசைகளுக்கு நடுவில் ஒரு கயிறு கட்டினேன். வெயில் நேரே விழும், தெருவில் இருந்து பார்த்தால் நூல்தான் தெரியும். ராத்தாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உம்மா சொல்லியிருப்பா. அந்த மாதத்து நாள் வர முன்னமே, கழுவி மடித்த துணிக்கட்டைத் தறிப்பலகையில் வைத்துவிட்டு லுஹர் தொழுகைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை.

போட்டிக்கு முதல் நாள் முசல்லா சுருட்டினபடி கிடந்தது. ராத்தா காலையில் எழும்பி, செம்பு நிறையத் தண்ணி குடித்தா. நான் பார்க்கிறதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டா. சுவரைப் பிடிக்காமல் நடந்தா. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டி நடந்தது கல்முனைக்குத் தெற்கே ஒரு மைதானத்தில். நான் வேலியோரம் ஒரு வாகை மரத்தடியில் நின்றேன். வாப்பாமார் அதிகம் பேர் வரவில்லை. எங்கட பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, தலையில் கட்ட வெள்ளைத் தாவணி. கீழே போடுவதற்கு ரீச்சர் எல்லாருக்கும் கறை தெரியாத கடும் நீலத்தில் காற்சட்டை தைத்திருந்தா. ஒருவருக்கு மட்டும் தைத்தால் ஆரென்று தெரிந்துவிடும் என்று எல்லாருக்கும்.

விசில் ஊதினார்கள். நான் உங்களுக்கு எப்படிச் சொல்ல? நான் நினைத்திருந்தது, பிள்ளைகள் தெருவில் ஓடுகிற மாதிரி ஓடுவா என்று. அப்படி இல்லை. முதல் வளைவில் ராத்தா நாலாவது. தலை ஆடவில்லை, கை அலையவில்லை. தறியில் குறுக்கு நூலைக் கொண்டோடுகிற நாடா போகிறபோது கண்ணுக்குத் தெரியாதே, போன பிறகுதானே போனது தெரியும், அப்படிப் போனா. இரண்டாம் வளைவில் மூன்றாவது. என் பக்கமாக வரும்போது வெறுங்கால் மண்ணில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது, மூச்சு கேட்கவில்லை. இரண்டாம் நாள். எனக்குத் தலையிடித்தால் தறிப்பக்கம் போக மாட்டேன். இந்த உடம்பு இரத்தத்தை விட்டுக்கொண்டே இப்படி ஓடுகிறதே, அல்லாஹ் இதை எதால் செய்திருக்கிறான் என்று நினைத்தேன். கண் கலங்கி முடிவை நான் சரியாகக் காணவில்லை. பக்கத்தில் நின்றவர்தான் சொன்னார், "வெள்ளைத் தாவணி கட்டின புள்ள ரெண்டாவது. அடுத்த போட்டிக்கு எடுபட்டிட்டு."

"ஆருட புள்ளையோ," என்றேன். அவர் தெரியாது என்றார்.

ராத்தா என் பக்கம் வரவில்லை. ரீச்சரோடு மைதானத்துக்குப் பின்னால் போனா. அங்கே இருந்த கக்கூசில் தண்ணியில்லை, கதவும் பாதிதான். எங்கட பிள்ளைகள் வாளியில் தண்ணி சுமந்து போய், நாலு பேர் தாவணியை விரித்துப் பிடித்து நின்றார்கள். தூரத்தில் இருந்து அவ்வளவுதான் கண்டேன். மரியாதைக்குத் திரும்பி நின்றேன்.

கொஞ்சத்தால் பார்த்தால், ராத்தா வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையோடு நிற்கிறா. உயரமான பிள்ளை. இடுப்பில் தாவணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கால் சுளுக்கு என்று அஞ்சலோட்டத்துக்குப் போகாமல் குந்தியிருந்தவ. அவட ஆட்கள் கூப்பிட்டுக் களைத்துவிட்டார்கள். ராத்தா பையைத் திறந்து எதையோ கொடுத்தா. இரண்டு பேரும் அந்தத் தாவணி மறைப்புக்குப் பின்னால் போனார்கள். திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைக்குச் சுளுக்கு இல்லை.

அஞ்சலோட்டத்தில் கடைசித் தடியை எங்கட பக்கம் ராத்தா வாங்கினா. மற்றப் பக்கம் அந்த உயரப் பிள்ளை வாங்கினா. இரண்டு பேரும் ஒரே கோட்டில் வந்தார்கள். முடிவுக்குப் பத்து முழம் இருக்கையில் அந்தப் பிள்ளை ஒரு கை நீளத்துக்கு முன்னால் போய்விட்டா. எங்கட ஆட்கள் தோற்றார்கள். ராத்தா முழங்காலில் கை வைத்து மூச்சு வாங்கினா. பிறகு நிமிர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தா.

பஸ்ஸில் பிள்ளைகள் முன்னால், நான் பின்னால். சந்தியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் தனியே ஆனோம். நான் முன்னால் நடந்தேன், அவ நாலடி பின்னால்.

"அந்தப் புள்ளைக்குக் குடுக்காட்டி நீங்க வெண்டிருப்பீங்க," என்றேன்.

"ஓம்," என்றா.

"மனம் வருத்தமா?"

"இல்ல வாப்பா. அவ குந்தியிருந்து நாங்க வெண்டா, அது ஓடி வெண்டதாகுமா?" கொஞ்ச தூரம் நடந்தா. "அவ கேட்டா, துணி இவ்வளவு மெத்தெண்டு இரிக்கே, கொழும்பில வாங்கினதா எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கட வாப்பா கழுவின எண்டு சொன்ன."

நான் நின்றுவிட்டேன். எத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னாவோ. அதுவரை அந்த விஷயத்துக்கு எங்கட வீட்டுக்குள் காய்ச்சல் என்றுதான் பேர். ராத்தா என்னைத் தாண்டி, வீட்டை நோக்கி நடந்தா. உம்மா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. ராத்தா தெருவில் இருந்தே, இரண்டாம் இடம் என்று, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினா.